ஊசியம்மாவின் குளிர்ப்பெட்டி

இறப்புச் செய்தி என்னிடம் ஒரு கேள்வியாக வந்தது.

வியாழக்கிழமை காலை. நூல் வெளியீட்டு விழா ஒன்றில் ஆற்றவேண்டிய உரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கொக்கட்டிச்சோலையிலிருந்து பாக்கியம் தொலைபேசியில் அழைத்தார். கணவரை இழந்தபின் தனியொருத்தியாக நின்று வயல் செய்பவர். நாய்களுக்கு ஊசி போடும் நாளை அவ்வூரில் வீடு வீடாகச் சென்று சொல்பவரும் அவரே.

"சேர், ஊசியம்மா விடியக்குள்ள மோசம் போயிட்டாவாம். நித்திரையிலயே போயிட்டாவாம்" என்றார். சற்று நேரம் அழுதார். பின்னர் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கிழமை ஊசி இரிக்கா, இல்லையா சேர்? நாயக் கட்டி வைக்கவா, அவிட்டு உடவா?"

எனக்குச் சினம் மூண்டது. உடல் இன்னும் கிடத்தப்படவில்லை. அதற்குள் நாயைப் பற்றிய பேச்சா என்று நினைத்தேன். அம்மையாரைப் பற்றி அவ்வாரம் பேசப்பட்ட சொற்கள் அனைத்திலும், நான் பேசிய ஆயிரம் சொற்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தக் கேள்வி ஒன்றே அவருக்குத் தகுதியான அஞ்சலி என்பதை உணர எனக்கு மூன்று நாள் பிடித்தது.

"இருக்கிறது, பாக்கியம். கட்டி வையுங்கள்" என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊரார் ஊசியம்மா என்றழைத்த மருத்துவர் கோமளேஸ்வரி அம்மையாரை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். அரசின் கால்நடை மருத்துவராக இம்மாவட்டத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோப்பு இருந்தது. நாய்க்கும் பூனைக்கும் கோப்பு இல்லை. பால் தராத உயிரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று மேலிடத்தில் கேட்டார்களாம். ஓய்வு பெற்ற மறுவாரமே, தன்னாமுனையில் தங்கை மனோன்மணியோடு வாழ்ந்த வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டார். மூலையில் ஒரு பழைய குளிர்ப்பெட்டியை வைத்தார். ஞாயிறுதோறும் ஏதேனும் ஓர் ஊருக்குப் போனார். வெறிநாய்க்கடியால் மனிதருக்கும் வரும் விசர்நோய்க்கு அரசின் இலவச ஊசி ஊருக்கு வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. அம்மையார் வராத ஆண்டு இல்லை.

இலவசமாகவும் அவர் போடவில்லை. ஒரு வெறுந்தேநீருக்கும் ஒரு வடைக்கும் ஆகும் காசை வாங்கினார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"சும்மா போட்டா நாயத் தேட மாட்டாங்க, சேர். கூடக் கேட்டா நாயக் கொண்டு வர மாட்டாங்க. நடுவுல ஒரு வில இரிக்கி. அதக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருசம் போச்சி."

அவரை நான் முதன்முதலில் கண்டது ஓர் இழவில்தான். எங்கள் வீட்டில் வேந்தன் என்றொரு நாய்க்குட்டி இருந்தது. ஐந்து மாதம். குருதியாகக் கழிந்துகொண்டிருந்த அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தன்னாமுனைக்கு ஓடினேன். வாயில்லா உயிரின் துயர் பற்றி நான் பேசத் தொடங்கியதும் அம்மையார் கையை உயர்த்தினார்.

"மேடையில பேசுற மாதிரி என்னோட பேசாதீங்க, சேர். பேர் என்ன?"

"வேந்தன்."

"நல்ல பேர். ஊசி போட்டீங்களா?"

குட்டியைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தேன்.

"பேர் வைக்க யோசிச்ச நேரத்துல இஞ்ச ஒருக்கா வந்திருக்கலாம். பிறந்து ஆறாம் கிழமையில ஒண்டு, மறுகா ஒண்டு. அவ்வளவுதான். இண்டைக்கு இவன் உங்கட செருப்பக் கடிச்சிட்டு இரிப்பான்."

மூன்று நாள் நரம்பில் நீரேற்றிப் போராடினார். வேந்தன் இறந்தது. ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "ஊட்டில வேற என்ன இரிக்கி?" என்றார். ஒரு பூனை என்றேன். "அதக் கொண்டு வாங்க, நாளைக்கே" என்றார். அவருடைய இரங்கல் அந்த அளவுதான். அந்தப் பூனை இன்றும் என் வீட்டில் உயிரோடு இருக்கிறது.

அதன்பின் என் குரலை அவர் எடுத்துக்கொண்டார். "உங்கட தொண்டைய எனக்குத் தாங்க. நாளையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்க, வேற ஒண்டும் வேணாம்" என்பார். நானோ முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, தமிழர் நாய் வளர்த்த தொன்மையிலிருந்து தொடங்குவேன். வண்டி மூன்று தெரு கடந்த பின்னரே நாள் வரும். "சேர் சங்க காலத்துல இருந்து வந்து சேர்றதுக்குள்ள நாய் கிழடாயிரும்" என்று ஒருமுறை அவர் சொல்ல, ஓட்டுநர் சிரித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

கொக்கட்டிச்சோலையில் நாங்கள் நடத்திய முதல் ஊசி நாளை மறக்க முடியாது. ஐப்பசி மாதம். மேசை, மருந்து, பந்தல், என் உரை, எல்லாம் ஆயத்தம். நண்பகல்வரை வந்தவை ஒன்பது பூனைகளும், கண் திறந்து சில நாளே ஆன அவற்றின் குட்டிகளும். இந்த ஊரில் நாயே இல்லையா என்று அம்மையார் கேட்டார். பந்தலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தார். அவர்தான் பாக்கியம்.

"நாயெல்லாம் வட்டையிலயல்லவா, அம்மா. விதைச்சாப் பிறகு நாய்க்கு ஊட்டில என்ன வேல? ஆனையும் பண்டியும் வருமெண்டு வாடியில காவலுக்குக் கிடக்கு. ஊட்டில இரிக்கிறது நாங்களும் கோழியும்தான்."

விதைப்பு முடிந்ததும் வயல்வெளியான வட்டைக்கு மனிதரோடு நாயும் போய்விடும். அறுவடை வரை காவற்குடிலான வாடியில்தான் அதன் வாழ்வு. நரி கடிப்பதும் அங்கே, பிற நாய் கடிப்பதும் அங்கே. ஆண்டுதோறும் அலுவலகங்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஊருக்குள் மேசை போட்டு, "மக்களுக்கு ஆர்வமில்லை" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன. அம்மையார் அன்றே பாக்கியத்தை அருகில் அமர்த்தி, எந்த வட்டையில் எப்போது விதைப்பு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன்பின், வாவிக்கு அப்பாலுள்ள வயலூர்களான படுவான்கரையின் ஊசி நாள் புரட்டாசியின் கடைசி ஞாயிறு. நாய்கள் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறி வட்டைக்குப் போகுமுன் அதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் அறுவடை வரை அவை காப்பின்றிக் கிடக்கும். அவற்றின் அருகே பாயில் மனிதரும் கிடப்பார்கள்.

ஊசி போட்ட நாயின் கழுத்தில் ஒரு துணிப்பட்டி கட்டுவார். தையல் வேலை செய்யும் மனோன்மணி, பழைய சேலைகளைக் கிழித்துத் தைத்துத் தருவார், ஆண்டுக்கொரு நிறம். விசர்நாய் என்ற வதந்தி கிளம்பும்போது தடியோடு புறப்படுபவர்கள் முதலில் கழுத்தைப் பார்ப்பார்கள். பட்டி இருந்தால் தடி தாழும். படுவான்கரையில் அந்தத் துணித்துண்டுக்கு அடையாள அட்டையைவிட மதிப்பு இருந்தது.

அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு முறை கரடியனாற்றில் ஊசி நாள் குறித்திருந்தோம். முந்திய நாள் முழுவதும் மின்சாரம் இல்லை. மறுநாள் விடியற்காலை அம்மையார் குளிர்ப்பெட்டியைத் திறந்து, உள்ளே வைத்திருந்த வெப்பமானியைப் பார்த்தார். மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்து முற்றத்துக் குழியில் ஊற்றத் தொடங்கினார். அவரை அழைத்துச்செல்ல வந்திருந்த கரடியனாற்று உழவர் ஒருவர் பதறிப்போனார்.

"என்னம்மா செய்யிறீங்க? சனம் வந்து நிக்கிது. பாக்க நல்லாத்தானே இரிக்கி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். மறுகா அந்த நாய் கடிச்சா உங்களுக்கும் தெரியும்."

குப்பிகளை ஊற்றி முடித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார். "ஊசி போடாத நாயக் கண்டா மனிசன் விலகி நடப்பான். பொய் ஊசி போட்ட நாயப் புள்ளைக்குப் பக்கத்துல படுக்க வைப்பான். இதுல எது விசர், சொல்லுங்க?"

அன்று கரடியனாற்றுக்கு வெறுங்கையோடு போய், வந்திருந்தவர் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதம் அங்கே முன்னிலும் இருமடங்கு நாய்கள் வந்தன.

அதன்பின்தான் அவர் கையேந்தினார். தமக்காக அன்று, மின்சாரம் நின்றாலும் தாங்கும் ஒரு நல்ல குளிர்ப்பெட்டிக்கும், அதை வைக்க ஏதேனும் ஒரு பொதுக் கட்டடத்தில் ஒரு மூலைக்கும். விண்ணப்பம் அலுவலகம் அலுவலகமாக நடந்தது. நாய் என்பதால் கால்நடைப் பிரிவு சுகாதாரப் பிரிவைக் காட்டியது. நோய் என்பதால் சுகாதாரப் பிரிவு கால்நடைப் பிரிவைக் காட்டியது. ஓய்வு பெற்றவர் என்பதால் இரண்டும் சேர்ந்து வாசலைக் காட்டின. ஈராண்டு இழுபறியின் பின் ஒரு மன்றம் இரக்கம் கொண்டது. குளிர்ப்பெட்டி தரவில்லை. பாராட்டு விழா எடுத்தது.

அந்த விழாவில் வாழ்த்துரை வழங்கியவன் நான். முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டல் ஓயவில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. நன்றி கூற எழுந்த அம்மையார் ஒலிவாங்கியைச் சற்றுத் தாழ்த்திவிட்டுச் சொன்னது இவ்வளவே: "இந்தச் சால்வையால வெயில மறைக்கலாம். சூட்ட மறைக்க ஏலாது. கேட்டது பெட்டி." அவையினர் அதை நகைச்சுவையென்று கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறு ஞாயிறு ஊர்போகும்போது, மருந்து கொண்டுசெல்லும், குளிர் காக்கும் வெண்ணிற றெஜிபோம் நுரைப்பெட்டியைச் சுற்றி அந்தப் பொன்னாடையைக் கட்டியிருந்தார். "கொஞ்சம் குளிர் பிடிக்கும்" என்றார். அதன்பின் அது அந்தப் பெட்டியைவிட்டு நீங்கவேயில்லை.

ஆக, மருந்து கடைசிவரை அவருடைய வீட்டு முன்னறையின் பழைய குளிர்ப்பெட்டியிலேயே இருந்தது. அசைபோடும் எருமையைப்போல் ஓயாமல் முனகும் பெட்டி. அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே உறங்கினால்தான் தமக்கு உறக்கம் வரும் என்பார். புரட்டாசிக் கடைசி ஞாயிற்றுக்கான குப்பிகளை அந்தப் புதன்கிழமையே அதன் கீழ்த்தட்டில் அடுக்கிவிட்டுத்தான் படுத்திருக்கிறார்.

வியாழன் நண்பகல் அவரை முன்னறையில் கிடத்தினார்கள். சாவீட்டில் உலை ஏறாது என்பது எங்கள் வழக்கம்; உணவு உறவினர் வீடுகளிலிருந்து வரும். ஆகவே உறவுப் பெண்கள் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டிலிருந்த பாலையும் மீனையும் எடுத்து அயலுக்குக் கொடுத்துவிட்டார்கள். கீழ்த்தட்டை எவரும் பார்க்கவில்லை. மறுநாள் இரங்கலுரைகள் நிகழ்ந்தன. கூட்டம் பெரிது. அலுவலகம் அலுவலகமாக அவரை அலையவிட்டவர்கள் மலர்வளையங்களோடு வந்திருந்தார்கள். ஒருவர் அவரை "தாய்" என்றார். மற்றொருவர் அவருக்குச் சிலை எழுப்பவேண்டும் என்றார். இறுதியில் நான் பேசினேன். குறிப்புத் தாள்களை வைப்பதற்கு இடம் தேடி, மூலையில் நின்ற குளிர்ப்பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. என் குரல் சுவரில் மோதித் தெளிவாகத் திரும்பி வந்தது. அந்த அமைதியை என் சொல்லின் வெற்றி என்று எண்ணி நாற்பது நிமிடம் பேசினேன். பலர் அழுதார்கள்.

ஞாயிறு காலை மருந்தை எடுத்துவரத் தன்னாமுனைக்குப் போனேன். ஊசி போடுவதற்கு வேறு மாவட்டத்தில் பணிபுரியும் இளம் கால்நடை மருத்துவர் தர்சினி, விடுப்பெடுத்துக்கொண்டு நேரே கொக்கட்டிச்சோலைக்கு வருவதாக ஏற்பாடு. மனோன்மணி அம்மா குப்பிகளை எடுத்துப் பெட்டியில் பனிக்கட்டிகளுக்கிடையே அடுக்கி, பொன்னாடையால் இறுகக் கட்டித் தந்தார். தந்தபின் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சேர், ஒரு விசயம். வியாழன் பின்னேரம் மைக்குக்காரன் வந்து வயர் இழுத்தவன். முன்னறையில இரிக்கிறது ஒரு பிளக்குத்தானே. சாவீடுதானே, பிரிட்ஜ் என்னத்துக்கெண்டு கழட்டிட்டான் போல. எனக்கு அந்த நேரம் ஒரு நினைவும் இல்ல. வெள்ளி பொழுதுபட எல்லாரும் போனாப்போலதான் கண்டன், கீழ கிடந்திச்சி. உடன போட்டுட்டன். இப்ப நல்லாக் குளிருது. ஒண்டும் ஆகாது என்ன, சேர்?"

ஒரு முழு நாளுக்கு மேல். புரட்டாசி வெயில். அடைத்த அறையில் நூறு பேரின் மூச்சு. ஒலிபெருக்கி உயிரோடு இருக்கப் பெட்டி இறந்துகிடந்தது. அதன் மேல் கை ஊன்றி நின்று, அவருடைய தொண்டு வாழும் என்று முழங்கியவன் நான்.

"ஒன்றும் ஆகாது, அம்மா" என்றேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வாவிப் பாலத்தைக் கடந்தேன். குப்பிகள் குளிர்ந்தே இருந்தன. அறிந்தவர் இருவர், ஒருவர் துயரில் இருக்கிறார், மற்றவன் நான். கரடியனாற்று உழவரின் கேள்வியை, ஆருக்குத் தெரியப்போகுது என்ற அதே கேள்வியை, வழிநெடுக நான் எனக்குள் நல்ல தமிழில் கேட்டுக்கொண்டு போனேன். நல்ல தமிழில் கேட்டால் எந்த இழிவும் நியாயமாகத் தோன்றும். இத்தனை ஆண்டு மேடை எனக்குக் கற்பித்தது அதைத்தான்.

பாடசாலைத் திடலில் எழுபது நாய்களுக்குக் குறையாது. கயிற்றில், சங்கிலியில், மீன்வலைத் துண்டில், ஒரு முதியவர் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் நுனியில். "அம்மாவுக்காக வந்திரிக்கம், சேர்" என்றார்கள். பாக்கியம் தம் நாய் சிங்கனை முதலாவதாக மேசைக்குக் கொண்டுவந்து, முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். மனோன்மணி தைத்துக் கொடுத்த மஞ்சள் பட்டிகள் மேசையில் கிடந்தன. தர்சினி ஊசியில் மருந்தை இழுத்தார்.

"நிறுத்துங்கள், மருத்துவரே" என்றேன்.

அப்போதுதான் சொன்னேன். ஒலிவாங்கி இல்லை. என் வாழ்வின் மிகச் சிறிய உரை அது. குளிர்ப்பெட்டியின் மின்செருகியைக் கழற்றியிருந்தார்கள், ஒரு நாளுக்கு மேல் குளிர் இல்லை, எனக்குக் காலையிலேயே தெரியும்.

தர்சினி ஊசியைக் கீழே வைத்தார். "பழுதாகாமலும் இருக்கலாம், சேர். பார்த்துச் சொல்ல இஞ்ச வழி இல்ல" என்று சொல்லிப் பெட்டியைப் பார்த்தார். "அம்மா எண்டா ஊத்தியிருப்பா."

பாக்கியம் நாயின் கால்களை விடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னத்துக்கு சேர் கழட்டின?"

"ஒலிபெருக்கிக்கு."

"ஒலிபெருக்கி என்னத்துக்கு?"

"நாங்கள் பேசுவதற்கு."

"அம்மாவப் பத்தியா?"

ஆம் என்றேன். எந்தக் கண்டனக் கூட்டத்திலும் என்னை எவரும் அதுபோல் வீழ்த்தியதில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னே வந்தார். "நாளைக்கு வட்டைக்கு ஏத்துறம். மருந்து இல்லாட்டிப் போகட்டும். அந்தப் பட்டியையாவது கட்டி உடுங்க, சேர். கழுத்துல ஒண்டும் இல்லாட்டி அங்க அடிச்சிப் போட்டிருவானுகள்." வேறு பலரும் ஓம், ஓம் என்றார்கள். அவர்கள் கேட்டது பொய்யன்று. தங்கள் நாயின் உயிர். பதில் சொன்னவர் பாக்கியம்.

"வேணாம். அம்மாட பட்டியப் பொய்யுக்குக் கட்டாதீங்க. இண்டைக்கு ஒண்டு கட்டினா மறுகா எந்தப் பட்டிய ஆரு நம்புற?" சிங்கனைக் கீழே இறக்கினார். "வா மனே, போவம்."

தர்சினியும் நானும் திடலின் ஓரத்தில் குழி தோண்டிக் குப்பிகளை ஊற்றினோம். புதிய மருந்து கிடைக்க வாரங்கள் ஆகும் என்றார் அவர். கிடைத்ததும் வாடி வாடியாகப் போய்ப் போடவேண்டும் என்றார். பேசியவர்களில், சிலை கேட்டவர்களில், இன்றுவரை ஒருவரும் பெட்டி கேட்கவில்லை. மறுநாள் காலை உழவு இயந்திரப் பெட்டிகளில், விதைநெல் மூட்டைகளின் மேல், வெறுங்கழுத்தோடு நாய்கள் வட்டைக்குப் போனதைப் பாதையோரம் நின்று பார்த்தேன். சிங்கன் என்னைக் கண்டு வாலை ஆட்டியது. அதற்கு ஒன்றும் தெரியாது.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் தலைமையுரை ஆற்றுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆற்றமாட்டேன். வாடிகளில் ஊசி போடும் நாளும் இடமும் முடிவானால், அவற்றை மட்டும் எழுந்து சொல்வேன், முடிவாகாவிட்டால் எழமாட்டேன்.

நேற்றுத் தன்னாமுனைக்குப் போனேன். முன்னறையில் மேசையைச் சுவரோரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். மின்செருகி பொருத்திய இடத்தில், எவர் இழுத்தாலும் கழலாதபடி, மனோன்மணி அம்மா ஒரு மஞ்சள் பட்டியைச் சுற்றி முடிந்திருக்கிறார். கொக்கட்டிச்சோலைக்கென்று இவ்வாண்டு தைத்தவற்றில் கட்டப்பட்ட பட்டி அது ஒன்றுதான்.

போய் வாருங்கள், அம்மையாரே. உங்கள் பெட்டி மீண்டும் முனகுகிறது. திறந்து பார்த்தேன். நல்ல குளிர். உள்ளே ஒன்றும் இல்லை.